கடலடியில் இறக்கிய பொருள் எவ்வளவு புதையும்? கணிக்கும் முறை, படிப்படியாக

மலேசியாவின் பேராக் கரையோரத்தில், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் இப்போது கடலோரப் பொறியியலும் நில அளவையும் படிக்கிறார்கள். ஜெட்டியில் உள்ள படகுக்காரர்கள் அவர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே வகைக் கேள்விதான்: மீன் கூடுவதற்காக இறக்கும் கான்கிரீட் கட்டி சேற்றுக்கு மேல் நிற்குமா? மிதவையைப் பிடித்திருக்கும் நங்கூரக்கல்லை அடுத்த வருடம் தேடினால் கிடைக்குமா?

இதற்குப் பதில் கணக்கிட முடியும். ஆனால் வரிசை தவறினால் கணக்கு சரியாக இருந்தும் விடை தவறிவிடும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக நீரோட்டச் சூத்திரத்துக்குப் போகிறார்கள். தரை என்ன என்று பார்ப்பது அதற்கு முந்திய வேலை. சேற்றுத் தரையில் மணலுக்கான சூத்திரத்தைப் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

கீழே எல்லாப் படிகளுக்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: எல்லாப் பக்கமும் 1 மீட்டர் உள்ள கான்கிரீட் கட்டி, 10 மீட்டர் ஆழத்தில்.

1. கேள்வியை எண்ணோடு எழுதுங்கள்

"புதையுமா?" என்பது கணிக்கக்கூடிய கேள்வி அல்ல. "ஆறு மாதத்துக்குப் பிறகு கட்டியின் பாதி உயரமாவது வெளியே தெரியுமா?" என்பதுதான் கேள்வி. பொருளின் அளவு, எடை, காலம், எவ்வளவு புதைந்தால் பயன் போய்விடும் என்ற எல்லை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். நங்கூரக்கல் முழுதாகப் புதைந்தால் நல்லது, பிடி கூடும். மீன் கட்டி புதைந்தால் போட்ட காசு போச்சு. கணக்கு ஒன்றாக இருந்தாலும் எந்தப் பக்கம் பிழை வந்தால் ஆபத்து என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரை மண்ணின் மாதிரி, பொருள் போகும் அதே இடத்திலிருந்து. கரையில் அள்ளிய மண் உதவாது. பெர்னாம் ஆற்று முகத்துவாரத்தில் சிறிது தூரம் தள்ளினாலே சேறு மணலாக மாறிவிடும்.

ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அட்டவணை. தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அட்டவணையில் இருப்பது நீர்மட்டம் மட்டும்தான். ஓட்ட வேகத்தை நீங்கள் அளக்க வேண்டும். அல்லது அந்த இடத்துக்கு அளந்த பதிவைத் தேட வேண்டும்.

கடல் வரைபடத்தின் ஆழம், பொருளின் எடை, வடிவம், அடிப்பரப்பு. இவற்றோடு அந்தத் தண்ணீரில் நாள்தோறும் போய்வரும் தேக்கோங் (படகை ஓட்டும் தலைவர்) ஒருவரின் பேச்சு. "இந்த இடத்தில் நங்கூரம் எடுக்க வராது", "அங்கே பூபு (மீன் பிடிக்கும் கூண்டு) போட்டால் மறுநாள் மணல் ஏறிவிடும்" என்று அவர் சொல்வது தரவுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

3. தரை சேறா, மணலா? முதல் முடிவு இதுதான்

மாதிரியை 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுங்கள். மேலே தங்குவது மணல். கீழே போவது வண்டலும் களியும். இரண்டையும் காயவைத்து எடை போடுங்கள்.

களிமண்ணின் பங்கு பத்து விழுக்காட்டை நெருங்கினாலே மண் ஒட்டும் தன்மைக்கு மாறத் தொடங்கும். அதற்குப் பிறகு மணிகள் தனித்தனியாக உருளாது. பாளமாகவோ குழம்பாகவோதான் நகரும். மணிகளின் எடையை நம்பி எழுதிய சூத்திரங்கள் அதனால்தான் அங்கே செல்லாது.

களி மிகுந்தால் படி 4-க்குப் போங்கள். சுத்த மணல் என்றால் படி 5. மேலே மெல்லிய மணல், அடியில் சேறு என்று இருந்தால் இரண்டையும் செய்ய வேண்டும். அள்ளுவாளி மேலடுக்கை மட்டும்தான் கொண்டுவரும். ஒரு குழாயையாவது குத்தி எடுத்தால்தான் அடியில் இருப்பது தெரியும். நம் கரையில் இதைத் தவிர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எதிரொலி ஆழமானியிலும் ஒரு சிக்கல் உண்டு. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதைத் தாண்டி அடியில் உள்ள கெட்டி அடுக்கு வரை போகும். இரண்டு ஆழமும் வேறு வேறாக வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வித்தியாசம்தான் குழம்புச் சேற்றின் தடிப்பு. உங்களுக்கு வேண்டிய செய்தியே அதுதான்.

4. சேற்றில்: சொந்த எடையால் எவ்வளவு இறங்கும்?

மேற்குக் கரையில் இந்தப் படிதான் பெரும்பாலான விடையைத் தீர்மானிக்கிறது. ஓட்டமும் அலையும் வருவதற்கு முன்பே, இறக்கிய அன்றே, பொருள் தன் பாதி உயரத்தை இழந்திருக்கலாம்.

முதலில் தண்ணீருக்குள் எடையைக் கண்டுபிடியுங்கள். கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ, கடல்நீர் 1025 கிலோ. மிச்சம் 1375 கிலோ. 9.81 ஆல் பெருக்கினால் 13.5 கிலோநியூட்டன். அடிப்பரப்பு 1 சதுர மீட்டர் என்பதால் தரைமேல் அழுத்தம் 13.5 கிலோபாஸ்கல்.

அடுத்து சேறு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். அடிப்பாகம் சதுரமாக உள்ள பொருளுக்கு, சேற்றின் வெட்டு வலிமையைப் (சறுக்கிப் பிளக்காமல் தாங்கும் வலிமை) போல் சுமார் 6 மடங்கு தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வலிமையை ஆய்வுக்கூடத்தில் சிறகுக் கருவியால் அளப்பார்கள். கருவி இல்லையென்றால் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தட்டை ஒரு கம்பின் நுனியில் பற்றவைத்து, சேற்றில் நிறுத்தி, மேலே எடை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் தட்டின் கீழ் அழுத்தம் 1.25 கிலோபாஸ்கல். கம்பு, தட்டு இவற்றின் எடையையும் சேர்த்து 2.4 கிலோவில் தட்டு அமிழத் தொடங்கினால் அழுத்தம் 3 கிலோபாஸ்கல், ஆறால் வகுத்தால் வலிமை 0.5 கிலோபாஸ்கல்.

இதை வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திடலில் பழகலாம். பலகை இல்லாமல் இறங்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். திடலில் கிடைத்த எண்ணை அப்படியே 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. வெயில்பட்டுக் காய்ந்த சேறு கெட்டியாக இருக்கும். ஆழத்தில் உள்ளது அதைவிட இளகியது.

சேற்றின் வலிமை கீழே போகப் போகக் கூடும். மேற்பரப்பில் 0.5, ஒவ்வொரு மீட்டருக்கும் 1.5 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் விலக்கும் சேறும் அதை மேலே தள்ளும்: சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1400 கிலோ என்றால் ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 3.7 கிலோபாஸ்கல். அப்படியானால் மேற்பரப்பில் தாங்குவது 3. ஒவ்வொரு மீட்டருக்கும் கூடுவது 9-உம் (1.5-இன் ஆறு மடங்கு) 3.7-உம் சேர்ந்து 12.7. இது 13.5-ஐ எட்டும் ஆழம் 10.5 வகுத்தல் 12.7, அதாவது 0.83 மீட்டர்.

ஒரு மீட்டர் கட்டியில் 17 சென்டிமீட்டர்தான் மிச்சம். ஓட்டம் இன்னும் தொடவே இல்லை.

இப்போது அதே கட்டிக்கு அடியில் 2 மீட்டர் சதுரமும் 15 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கான்கிரீட் தளம் சேர்த்துப் பாருங்கள். எடை 21.6 கிலோநியூட்டனாகக் கூடுகிறது. ஆனால் அடிப்பரப்பு 4 சதுர மீட்டர் ஆவதால் அழுத்தம் 5.4-க்கு இறங்கிவிடுகிறது. அமிழ்வு 0.19 மீட்டர். தளம் மட்டும் சேற்றில் மறையும், கட்டி ஏறக்குறைய முழுதாக நிற்கும். மீனவர் சங்கத்துக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை இந்த ஒரு கணக்கில் இருக்கிறது: எடையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அடியை அகலமாக்குங்கள்.

இறக்கும் முறையையும் கேட்டு வையுங்கள். படகிலிருந்து தள்ளிவிட்டால் இந்தக் கட்டி நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அந்த வேகம் மேலே கணக்கிட்டதைவிட ஆழமாகக் குத்தி இறக்கிவிடும், கட்டி சாய்ந்தும் போகலாம். கயிற்றில் மெதுவாக இறக்கினால்தான் மேலே உள்ள கணக்கு பொருந்தும்.

5. மணலில்: தரை நகரத் தொடங்கும் வேகம்

மணல் தாங்கும். சொந்த எடையால் அதிகம் இறங்காது. இங்கே புதைப்பது நீரோட்டம்.

1936-இல் ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தந்த எண்ணைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். தரையை உரசும் விசையை, ஒரு மணியைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருக்கும் எடையோடு ஒப்பிடும் எண் அது. உரசல் அழுத்தத்தை, மணலுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், 9.81, மணியின் விட்டம் ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு: மணி 0.2 மில்லிமீட்டர், ஆழம் 10 மீட்டர், ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டர். தட்டையான தரைக்கு உரசல் அழுத்தம் 0.39 பாஸ்கல் வரும். அதை 3.19 ஆல் வகுத்தால் ஷீல்ட்ஸ் எண் 0.12. இந்த மணல் அசையத் தொடங்கும் எல்லை, சோல்ஸ்பி 1997-இல் தந்த சூத்திரப்படி, சுமார் 0.046. ஆகவே மணல் நன்றாக ஓடுகிறது. வேகமாக மாற்றிச் சொன்னால், நொடிக்குச் சுமார் 0.37 மீட்டரில் தரை அசையத் தொடங்கும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. மில்லிமீட்டரை மீட்டராக மாற்றாமல் போடுவது ஒன்று. விடை ஆயிரம் மடங்கு பிசகும். மற்றது, மேற்பரப்பில் அளந்த வேகத்தை ஆழம் முழுவதற்குமான சராசரி என்று எடுத்துக்கொள்வது. மேற்பரப்பு பொதுவாகக் கூடுதலாக ஓடும். காற்று இருந்தால் இன்னும் ஏமாற்றும். உரசல் அழுத்தம், ஓட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் வேகத்தில் சிறிய பிழையும் விடையில் பெரிதாகத் தெரியும்.

6. பொருளைச் சுற்றி அரிப்பு

வெறும் தரை அசையாத வேகத்திலும் பொருளின் ஓரத்தில் மணல் போகும். தண்ணீர் பொருளைச் சுற்றி வளையும்போது அங்கே உரசல் பெருகுகிறது. தாழ்ந்த, படுத்த பொருளுக்கு இரண்டு மடங்கு என்று வைத்துத் தொடங்கலாம். நட்ட கம்பத்துக்கு நான்கு மடங்கு வரை போகும். இரண்டு மடங்கு என்றால் நம் மணலில் அரிப்பு நொடிக்கு 0.26 மீட்டரிலேயே தொடங்கிவிடும்.

இதைத் தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்) பார்த்துப் பழகுங்கள். மதகுக் குழாய்க்குக் கீழே மணல் தங்கியிருக்கும் இடமாகப் பார்த்து ஒரு செங்கல்லை வையுங்கள். ஓரங்களில் குழி விழும், அடியில் பிடிமானம் குறையும், கல் குழிக்குள் சாயும், பிறகு மேலிருந்து வரும் மணல் குழியை மூடும். கடலடியிலும் இதே வரிசைதான்: அரிப்பு, சாய்வு, நிரப்பு. குழி விழுவது வேறு, புதைவது வேறு. பொருள் குழிக்குள் இறங்கி, குழியும் மூடினால்தான் புதைந்தது என்று அர்த்தம்.

இப்போது ஓதத்தைச் சேருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் உச்ச வேகம் 0.6 என்றால் நேரத்தில் ஏறக்குறைய 71 விழுக்காடு அரிப்பு நடக்கும், 58 விழுக்காடு தரை முழுவதுமே ஓடும். சிறிய ஓத நாட்களில் உச்சம் 0.3 என்று வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் அரிப்பு மட்டும் நடக்கும். தரை அசையாததால் குழியை நிரப்ப மணல் வராது. அதாவது சிறிய ஓதத்தில் குழி திறந்து கிடக்கும். பெரிய ஓதத்தில் நிரம்பும். ஒரே வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்பவர்கள் தவறுவது இதனால்தான். குறைந்தது ஒரு முழு ஓதச் சுற்று, அதாவது பதினைந்து நாள் கணக்கிட வேண்டும்.

காலத்தோடு புதைவு எப்படிக் கூடும்? முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் ஓர் எல்லையை நெருங்கும். இறுதி ஆழம், கால அளவு என்ற இரண்டு எண்கள் இதற்கு வேண்டும். கால அளவுக்குச் சமமான காலம் போனால் இறுதி ஆழத்தில் 63 விழுக்காடு முடிந்திருக்கும். இந்த இரண்டு எண்களும் பொருளின் வடிவத்துக்கேற்ப மாறும். உருளைக்குச் சோதனையில் கிடைத்த எண்ணைச் சதுரக் கட்டிக்குப் போடாதீர்கள். வேறு வழியில்லாமல் போட்டால் விடைப்பட்டியலில் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

எல்லை ஏன் வருகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பொருள் இறங்க இறங்கத் தண்ணீருக்குத் தடங்கல் குறைகிறது, அரிப்பும் குறைகிறது. தரையோடு தரையாக ஆனதும் நின்றுவிடும். 2003-04 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே, கருவிகள் பொருத்திய உருளைகளை இறக்கி ஆராய்ந்தார்கள். நுண்மணலில் அவை முழுதாகப் புதைந்தன. பெருமணலில் அலை எழுப்பிய மணல் வரிகளின் உயரத்துக்கு இறங்கியதும் நின்றுவிட்டன. ஒரே கடல், ஒரே புயல்கள், மணல் மட்டும் வேறு.

7. அலையைச் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் சிறிய வேலைதான். மலாக்கா நீரிணையில் அலைகள் குறுகியவை. 3 நொடி அலையின் நீளம் 14 மீட்டர். அதில் பாதியான 7 மீட்டருக்குக் கீழே அதன் அசைவு ஏறக்குறைய தெரியாது. 10 மீட்டர் ஆழத்தில் விட்டுவிடலாம். 5 நொடி அலைக்குப் பாதி நீளம் 19 மீட்டருக்கு மேல். அது தரையைத் தொடும். சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் வரும் புயல்காற்று நாட்களுக்கு மட்டும் தனியாக ஒரு கணக்குப் போடுங்கள்.

அலை பலமாக இருந்தால் மணல் சற்று நேரம் குழம்பாக இளகவும் கூடும். அப்போது அந்தக் குழம்பைவிட அடர்ந்த பொருள் இறங்கும், லேசானது மேலே வரும். கான்கிரீட் இறங்கும். காற்று அடைத்த காலிக் குழாய் புதைத்த இடத்திலிருந்து எழும்பிவிடும்.

8. தரையே நகர்கிறதா என்று பாருங்கள்

நீரிணையில் பல மீட்டர் உயரமுள்ள மணல் அலைகள் உள்ள பகுதிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட முகடு ஒன்று ஊர்ந்து வந்து பொருளைக் கடந்தால், அரிப்புக் கணக்கு என்ன சொன்னாலும் பொருள் அடியில் போய்விடும். முகடு கடந்ததும் மீண்டும் வெளியே வரும். பழைய வரைபடத்தையும் புதிய அளவையையும் ஒரே ஆழ அடிமட்டத்துக்கு (ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டம்) கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அடிமட்டம் வேறு வேறாக இருந்தால், நகராத தரையும் நகர்ந்ததாகக் காட்டும்.

முகத்துவாரத்தில் ஆறு கொண்டுவரும் வண்டல் படிவதையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். அரிப்பு தரைமட்டத்தோடு நின்ற பிறகு பொருளை மேலும் மூடுவது இந்தப் படிவுதான்.

9. விடையை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள்

சேற்றின் வலிமைக்கு மூன்று மதிப்பு: குறைந்தது, நடுவில், கூடியது. ஓட்டத்துக்கும் மூன்று. ஒன்பது கணக்கு வரும். ஒன்பதில் எத்தனை, படி 1-இல் எழுதிய எல்லையைத் தாண்டுகின்றன என்று எண்ணுங்கள். "ஒன்பதில் ஏழு நிலையில் பாதிக்கு மேல் புதையும்" என்றால் படகுக்காரருக்குப் புரியும், முடிவும் எடுக்க முடியும். "0.83 மீட்டர்" என்று மட்டும் சொன்னால் இல்லாத துல்லியத்தை விற்கிறீர்கள். கடலடிக் கண்ணிவெடிகள் புதைவதைக் கணிக்கும் அமெரிக்க ஆய்வுகளும் இதே காரணத்தால்தான் நிகழ்தகவு முறைக்குப் போயின.

பிறகு தேக்கோங் சொன்னதை எடுத்துப் பாருங்கள். அவர் "எடுக்க வராது" என்ற இடத்தில் உங்கள் கணக்கு 10 சென்டிமீட்டர் என்றால், பெரும்பாலும் மண் மாதிரிதான் தவறு. படி 3-க்குத் திரும்புங்கள்.

10. இறக்கிய பிறகு அளங்கள்

படகிலிருந்து ஆழம் பார்த்துப் புதைவைச் சொல்ல முடியாது. நீர்மட்டமே ஒரு நாளில் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும்போது 20 சென்டிமீட்டர் மாற்றம் அதில் தொலைந்துவிடும். பொருளின் மேலேயே அளவு இருக்க வேண்டும்: கட்டியின் பக்கங்களில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, வார்க்கும்போதே. பெயின்ட் கோடு போதாது. முகத்துவாரத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, முக்குளிப்பவர் கையால் தடவித்தான் எண்ண வேண்டும். நான்கு பக்கமும் எண்ணச் சொல்லுங்கள், சாய்வு அப்போதுதான் தெரியும். பயிற்சி பெற்றவர் மட்டும், நீர் நின்றிருக்கும் நேரத்தில் மட்டும் இறங்க வேண்டும்.

முதல் அளவு இறக்கிய அன்றே. அடுத்தது பதினைந்து நாளில். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். முதல் நாள் அளவை விட்டுவிட்டால், சொந்த எடையால் இறங்கியது எவ்வளவு, ஓட்டம் புதைத்தது எவ்வளவு என்று பிறகு பிரிக்கவே முடியாது.

பொருள் கிடைக்கவில்லை என்றால் உடனே "புதைந்தது" என்று எழுதாதீர்கள். இழுவலை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கடலடியை ஒலியால் படம் பிடிக்கும் பக்கவாட்டு ஒலிக்கருவியில் இழுபட்ட தடம் தெரிகிறதா என்று பாருங்கள், ஜெட்டியில் வலை கிழிந்தவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மட்டும் கம்பியால் குத்தித் தேடத் தொடங்குங்கள், ஜிபிஎஸ் புள்ளியிலிருந்து வட்டம் வட்டமாக.